கடன்காரன் என்றால் கொடுத்தவனா, வாங்கியவனா?

மளிகைக்கடைப்_பேரன்:

வணக்கம். ஒரு பழைய கணக்கு நோட்டால் எங்கள் வீட்டில் பத்து நாளாகச் சண்டை. சிரித்துக்கொண்டே போடும் சண்டைதான், ஆனாலும் தீர்ந்தபாடில்லை, அதனால் இங்கே கொண்டுவருகிறேன்.

என் தாத்தா மாயவரம் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் மளிகைக்கடை வைத்திருந்தார். போன மாதம் பரணைச் சுத்தம் செய்தபோது ஒரு தகரப் பெட்டிக்குள் அவருடைய நோட்டு கிடைத்தது. கரையான் தின்றது போக மிச்சமிருந்த பக்கங்களில் ஒன்றில், தலைப்பில் கொட்டை எழுத்தில் "கடன்காரர்" என்று எழுதியிருக்கிறார். கீழே 11 பெயர்கள், எதிரே தொகைகள், 1961, 1962 தேதிகள். அவ்வளவுதான். யார் யாருக்குத் தர வேண்டும் என்று ஒரு வார்த்தை கிடையாது.

பாட்டி சொல்வது: "அவங்கெல்லாம் நமக்குத் தரணும்டா, உங்க தாத்தா யார்கிட்டயும் கை நீட்டினதே இல்ல." சித்தப்பா சொல்வது: "கடன்காரன் வாசல்ல வந்து நிக்கிறான்னா யாரு வந்து நிக்கிறான்? குடுத்தவன்தானே நிப்பான்? அப்ப இவங்க எல்லாருக்கும் நாமதான் தரணும்." இரண்டுமே சரியாகத்தான் படுகிறது. "ஊரெல்லாம் வாங்கிக் கடன்காரனாகிவிட்டான்" என்றால் வாங்கியவன். "கடன்காரன் தொல்லை தாங்கவில்லை" என்றால் கொடுத்தவன். அகராதி தீர்த்துவைக்கும் என்று சென்னைப் பல்கலைக்கழகத்துப் பேரகராதியைப் பார்த்தால் அதிலும் இரண்டு பொருளும் இருக்கின்றன!

சும்மா தெரிந்துகொள்ளத்தான் என்று விட்டிருப்பேன், ஆனால் மூன்றாவது பெயர் எதிர் வீட்டுக்காரரின் தாத்தா பெயர். எதிரே 340 ரூபாய். அந்த வீட்டோடு ஒரு கொல்லைச் சுவர் விவகாரத்தில் எங்களுக்குப் பல வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. 1961இல் 340 ரூபாய் என்றால் மூன்று சவரன் வாங்கிவிட்டு மிச்சமும் வைத்திருக்கலாம்.

ஆக இரண்டு கேள்வி. ஒன்று, நோட்டில் இதைக் கண்டுபிடிக்க வழி உண்டா? இரண்டு, தமிழில் இப்படித் தனக்குத் தானே எதிரியாக நிற்கும் சொற்கள் வேறு என்னென்ன இருக்கின்றன? நாற்றம் என்று மட்டும் யாரும் தொடங்கிவிட வேண்டாம், அது எல்லாருக்கும் தெரியும்.

மண்டிக்_கணக்கு:

தம்பி, தலைப்பைப் பார்க்காதீர்கள், தொகைக்கு முன்னால் என்ன குறி இருக்கிறது என்று பாருங்கள். நான் அரிசி மண்டியில் கணக்குப்பிள்ளையாக இருந்தவன். எனக்கு முந்திய தலைமுறைக்காரர்கள் பற்று, வரவு என்று முழுதாக எழுத மாட்டார்கள், ஒரே இழுப்பில் ஒரு குறி போடுவார்கள். அந்தக் குறிகள் இப்போது கணினியிலும் வந்துவிட்டன: ௶ என்றால் பற்று, ௷ என்றால் வரவு, ௹ என்றால் ரூபாய், ௸ என்றால் மேற்படி. பழக்கமில்லாத கண்ணுக்கு எல்லாம் ஏதோ கிறுக்கல் மாதிரிதான் தெரியும்.

ஒருவர் பேருக்கு நேரே பற்று இருந்தால் அவர் நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறார், அரிசியோ பருப்போ ரொக்கமோ, ஆகவே அவர் தர வேண்டும். வரவு இருந்தால் அவரிடமிருந்து நமக்கு வந்திருக்கிறது. பற்றுக்கு மேலே வரவு நின்றால் நாம் தர வேண்டும். இதிலும் குழம்புகிறவர்கள் உண்டு, "பற்று என்றால் பிடித்துக்கொள்வது, அப்புறம் ஏன் பாஸ்புக்கில் பணம் போனதற்குப் பற்று என்று போடுகிறார்கள்" என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். பாஸ்புக் உங்கள் கணக்குப் புத்தகம் இல்லை ஐயா, வங்கி உங்களைப் பற்றி எழுதும் புத்தகம். நீங்கள் எடுத்தீர்கள், அதனால் உங்கள் பேரில் பற்று. மளிகைக்கடை நோட்டும் அதே முறைதான்.

ஒரு எச்சரிக்கை. தொகைக்குப் பின்னால் வ என்று ஒரு எழுத்து தனியாக இருந்தால் அதை வரவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், அது கால். அந்தக் காலத்தில் காலுக்கு வ, எட்டுக்கு அ. ஔவையார் பேரில் சொல்கிற பாட்டில் "எட்டேகால் லட்சணமே" என்று திட்டு வருமே, அது அவலட்சணம்தான், வேறொன்றுமில்லை.

பிளஸ் டூ கணக்குப்பதிவியல் புத்தகத்தில் வாங்கியவருக்குக் கடனாளி, கொடுத்தவருக்குக் கடனீந்தோர் என்று தெளிவாகத்தான் பிரித்திருக்கிறார்கள். கடனீந்தோர் என்று கடைத்தெருவில் ஒருத்தர் சொல்லி நான் கேட்டதில்லை.

திருவாரூர்_ஆசிரியை:

கேட்டவர் நாற்றம் வேண்டாம் என்றது நல்லதாகப் போயிற்று. அது இந்த வகையே இல்லை. ஒரு காலத்தில் மணம் என்று பொருள்பட்டது, பிறகு கெட்ட வாடைக்கு இறங்கிவிட்டது, அவ்வளவுதான். இன்றைக்கு யாராவது மல்லிகைப் பூவை முகர்ந்துவிட்டு நாற்றம் என்று சொன்னால் பூக்காரம்மா சும்மா விட மாட்டார். ஒரே நாளில், ஒரே வாயில், இரண்டு எதிர்ப் பொருளிலும் உலவ வேண்டும், அப்படி உலவுகிற சொல்தான் கணக்கு. கடன்காரன் அப்படிப்பட்டது.

எனக்கு என்ன தோன்றுகிறது என்றால், கடன் என்ற சொல்லிலேயே இந்த இருபக்கமும் இருக்கிறது. கடன் என்றால் கட்டிப்போடுகிற ஒன்று. அது எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதைச் சொல் சொல்லாது, கொடுத்தான், வாங்கினான், பட்டான் என்று கூட வருகிற வினைதான் சொல்லும். அப்பர் பாட்டைப் பாருங்கள், "தன் கடன் அடியேனையும் தாங்குதல், என் கடன் பணி செய்து கிடப்பதே." கடவுளுக்கும் கடன், அடியாருக்கும் கடன், ஒரே சொல். நாம் இரண்டாவது அடியை மட்டும் பிடித்துக்கொண்டு பள்ளிச் சுவரில் எழுதுகிறோம், முதல் அடியில் அவர் கடவுளிடம் அவருடைய பாக்கியை எடுத்துச் சொல்கிறார்!

சம்பந்தி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் ஒருவரை ஒருவர் சம்பந்தி என்றே கூப்பிடுகிறார்கள், யார் பெண் கொடுத்தவர் என்று சொல்லில் தெரிவதில்லை. பங்காளியும் அப்படித்தான், பங்கு போட்டுக்கொண்டவரும் அவர்தான், பங்குக்குச் சண்டை போடுகிறவரும் அவர்தான். கடன்காரன் என்றால் கடனால் நம்மோடு கட்டப்பட்டவன், அந்த அளவில் நிற்கிற சொல். தாத்தா தலைப்பில் குழப்பம் எதுவும் செய்யவில்லை என்பது என் கட்சி.

இரண்டாவது கேள்விக்கு எனக்குப் பிடித்தது இல். வீடும் இல், இல்லாமையும் இல், "வீட்டில் இருக்கிறது" என்னும்போது உள்ளே இருப்பதைக் காட்டும் உருபும் இல்! இல்லாள் என்றால் வீட்டுக்கு உரியவள். அதையே ஆணாக்கி இல்லான் என்றால் ஒன்றும் அற்றவன். நல்வழியில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள், "இல்லானை இல்லாளும் வேண்டாள்" என்று. ஒன்பதாம் வகுப்பில் இதை நடத்தும்போது ஒரு பையன் எழுந்து "டீச்சர், அப்ப இல்லாள்னா அவங்ககிட்டயும் ஒண்ணும் இல்லையா" என்று கேட்டான். நான் அன்றைக்கு உட்கார் என்று சொல்லிவிட்டேன். அது நல்ல கேள்வி என்று வீட்டுக்கு வந்து சமைக்கும்போதுதான் தோன்றியது.

அப்புறம் மங்கல வழக்கு. நன்னூலில் தகுதி வழக்கு மூன்றில் ஒன்று. விளக்கை அணை என்று சொல்லாமல் குளிர வை என்கிறோம், சுடுகாட்டை நன்காடு என்றார்கள், கறுப்பு ஆட்டை வெள்ளாடு என்கிறோம். பயந்துபோய் எதிர்ச் சொல்லைப் போட்டு மூடுவது. நல்ல பாம்பும் அந்தப் பயத்தில் நல்லதாக ஆனதுதான் என்று நினைக்கிறேன்.

ஆட்டுக்காரன்:

டீச்சர் மன்னிக்கணும், என்னிடம் 14 வெள்ளாடு இருக்கிறது, அதில் நாலு வெள்ளை. பள்ளியில் படித்ததிலிருந்து இந்த உதாரணத்தோடு எனக்கு ஒத்துப்போகவில்லை.

திருவாரூர்_ஆசிரியை:

மீதி பத்தையும் வெள்ளாடு என்றுதானே கூப்பிடுகிறீர்கள்?

ஆட்டுக்காரன்:

சரி.

பேருந்தை_விட்டவன்:

அகராதி, பாட்டு எல்லாம் இருக்கட்டும், தினமும் வாயில் போட்டு மெல்லும் "விடு" ஒன்று போதாதா? மழை விட்டது என்றால் நின்றுவிட்டது. மேட்டூரில் தண்ணீர் விட்டாச்சு என்றால் வரத் தொடங்கிவிட்டது. எங்கள் ஊருக்குப் புதிதாக பஸ் விட்டிருக்கிறார்கள் என்றால் பஸ் கிடைத்தது, நான் பஸ்ஸை விட்டுட்டேன் என்றால் பஸ் போனது, டிரைவர் பஸ்ஸை நன்றாக விடுகிறார் என்றால் ஓட்டுகிறார். மூன்றும் ஒரே பஸ் ஸ்டாண்டில், ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சொல்லலாம். கைவிட்டான் என்றால் விலகிப் போனான், பானைக்குள் கையை விட்டான் என்றால் உள்ளே போனான். விட்டான் பார் ஒரு அறை என்றால் விழுந்தது, போனால் போகிறது என்று விட்டான் என்றால் விழவில்லை. இதை ஒரு வெளிநாட்டுக்காரருக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று யோசித்துப் பாருங்கள், என்னுடன் வேலை செய்கிற பீகார்க்காரர் ஆறு மாதமாகத் தமிழ் கற்கிறார், எல்லாம் வந்துவிட்டது, இது மட்டும் வரவில்லை. ஆனால் அவருக்கு நான் பாவம் பார்க்கவில்லை. அவர் இந்தியில் "கல்" என்று ஒரே சொல்லை நேற்றைக்கும் நாளைக்கும் வைத்துக்கொண்டு என்னைப் படுத்தியது கொஞ்சமா? கல் சம்பளம் வந்துவிடும் என்றாரா, வந்துவிட்டது என்றாரா என்று தெரிய வாக்கியம் முடியும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

கடையைக் கட்டு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மெயின் ரோட்டில் கடை கட்டுகிறார் என்றால் செங்கல் வந்து இறங்கியிருக்கிறது. கடையைக் கட்டிவிட்டார் என்றால் ஷட்டர் இறங்கிவிட்டது. நடுவில் ஒரு ஐ தான்.

கிண்டல் பக்கம் போனால் பட்டியல் முடியாது. "இவன் கிழிச்சான்" என்றால் ஒரு துரும்பைக்கூட அசைக்கவில்லை. "சும்மா கிழிகிழின்னு கிழிச்சுட்டான்" என்றால் அபாரம். பால் பாத்திரத்தைக் கீழே கொட்டிவிட்டு நின்றால் அம்மா சொல்லும் முதல் சொல் "சுத்தம்!" எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் இருப்பதே எனக்குப் பள்ளிக்கூடம் போய்த்தான் தெரியும்.

வெளிக்கிட்டவள்:

யாழ்ப்பாணத்திலிருந்து ஒன்று. எங்கள் பக்கம் பாவிக்கிறது என்றால் பயன்படுத்துவது. பாவனைப் பொருள், பாவித்த கார், பாவனைக்கு உதவாது, எல்லாம் அன்றாடம் சொல்கிறதுதான், கடைப் பலகையிலேயே இருக்கும். தமிழ்நாட்டில் பாவனை என்றால் நடிப்பு, இல்லாததை இருப்பது போலக் காட்டுவது. ஒரே சொல், இங்கே உண்மையாகக் கையில் எடுத்து உபயோகிப்பது, அங்கே சும்மா காட்டுவது.

இதைச் சென்னையில் படிக்கப் போன முதல் கிழமையே பட்டு அறிந்தேன். விடுதியில் பக்கத்து அறைப் பிள்ளையிடம் "உங்கட இஸ்திரிப் பெட்டியை ஒருக்கா பாவிக்கட்டோ" என்று கேட்டேன். அவள் என்னையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "பாவிக்கலாமே, ஆனா எதுக்கு?" என்றாள். நான் சட்டை மினுக்க என்றேன். மினுக்க என்றால் அவளுக்கு அலங்காரம் செய்துகொண்டு திரிவது. இரண்டு சொல்லுமே காலை வாரிவிட்டன. கடைசியில் சட்டையைத் தூக்கிக் காட்டித்தான் விஷயத்தைப் புரியவைத்தேன்.

மலையாளத்துக்காரருக்கு அவதி என்றால் விடுமுறை என்றும் அங்கேதான் அறிந்தேன். "நாளைக்கு அவதி" என்று ஒரு மலையாளப் பிள்ளை துள்ளிக்கொண்டு வந்து சொன்னபோது தமிழ்ப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

இன்னொன்று எல்லாத் தமிழருக்கும் பொது. நாங்கள் புறப்படும்போது "போட்டு வாறன்" என்போம், நீங்கள் "போயிட்டு வரேன்" என்பீர்கள், அவசரத்தில் இரண்டு பேருமே வெறும் "வாறன்", "வரேன்" என்று சொல்லிப் போய்விடுகிறோம். வாசலைத் தாண்டிப் போகிறவர் வருகிறேன் என்கிறார், அதில் யாருக்கும் ஒரு குழப்பமும் இல்லை.

ஒரு_வேலி_நிலம்:

மா என்றால் பெரியது, மாமனிதன், மாநகரம். அதே மா பழைய பின்னக் கணக்கில் இருபதில் ஒரு பங்கு. எங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் வேலிக் கணக்கு பேசுகிறவர்களுக்கு இது சாதாரணம், 20 மா ஒரு வேலி, ஒரு மா என்பது 100 குழி, கிட்டத்தட்ட 33 சென்ட். "மா நிலம்" என்று பாட்டில் படித்தால் உலகம் முழுவதும், பத்திரத்தில் படித்தால் 33 சென்ட். ஒரு வேலி வைத்திருக்கிறேன் என்று பேர் வைத்துக்கொண்டிருக்கிறேன், உண்மையில் இருப்பது மூன்று மா.

தர்க்கவாதி_77:

நீங்கள் சொல்வதில் பாதி முரணே இல்லை. இல், மா எல்லாம் ஒலி ஒன்றாகிப்போன வெவ்வேறு சொற்கள். விடு என்றால் பிடியைத் தளர்த்துவது, அவ்வளவுதான், தண்ணீரைப் பிடித்து வைத்திருந்தவன் தளர்த்தினால் வரும், மழை தன் பிடியைத் தளர்த்தினால் நிற்கும். எல்லாம் ஒரே பொருள்தான், பார்க்கிற இடம்தான் வேறு.

பேருந்தை_விட்டவன்:

நண்பா, விளக்கம் பிரமாதம். ஆனால் நான் பஸ்ஸை விட்ட அன்றைக்கு என் பிடியில் பஸ்ஸே இல்லையே.

திருவாரூர்_ஆசிரியை:

தர்க்கவாதி சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஒலி ஒன்றாகிப்போன சொற்களைத் தனியாகத்தான் வைக்க வேண்டும். ஒளி என்றால் வெளிச்சம், ஒளி என்றால் மறைந்துகொள், இதைச் சொல்லலாம் என்று நானே நினைத்து அந்தக் காரணத்தால்தான் விட்டேன். இப்போது சொல்லியும்விட்டேன்.

மளிகைக்கடைப்_பேரன்:

எல்லாருக்கும் நன்றி. மண்டிக்கணக்கு ஐயாவுக்குத் தனி நன்றி, நீங்கள் சொன்ன குறிகள் அப்படியே இருக்கின்றன! நான் அவற்றை மை சிந்திய கறை என்று நினைத்திருந்தேன். போனில் படம் எடுத்துப் பெரிதாக்கி, இங்கே நீங்கள் போட்ட குறிகளோடு பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டோம். 11 பெயரில் எட்டுக்கு ௶, மூன்றுக்கு ௷. ஆக தாத்தா ஒரே தலைப்புக்குக் கீழே நமக்குத் தர வேண்டியவரையும், நாம் தர வேண்டியவரையும் சேர்த்தே எழுதியிருக்கிறார். ஆசிரியை சொன்னதுதான் சரி, அவருக்கு அதில் ஒரு குழப்பமும் இருந்ததாகத் தெரியவில்லை.

இனி விஷயம். எதிர் வீட்டுத் தாத்தாவுக்கு நேரே இருப்பது ௷. 340 ரூபாய் அவர் கொடுத்திருக்கிறார். அதற்குக் கீழே ௸ போட்டு இன்னொரு வரி தொடங்குகிறது, தேதி மட்டும் தெரிகிறது, தொகை இருந்த மூலையைக் கரையான் தின்றுவிட்டது.

பாட்டி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம், "இது அவர் கையெழுத்தே இல்ல" என்றார். மேலே கீழே இருக்கும் எல்லாம் அவர் கையெழுத்தா என்று சித்தப்பா கேட்டதற்கு, அதெல்லாம் அவர் எழுதியதுதானாம்.

மண்டிக்_கணக்கு:

அந்த ௸ வரியில் ௶ இருந்திருந்தால் தாத்தா திருப்பிக் கொடுத்துக் கணக்கு நேராகியிருக்கும், கொடுத்த பணத்தை அவர் பேரில் பற்று என்றுதான் எழுதுவார்கள். ௷ இருந்திருந்தால் மேற்கொண்டும் வாங்கியிருக்கிறார். கரையானைத்தான் கேட்க வேண்டும்.

ஆனால் ஒன்று. அந்தக் காலத்தில் 340 ரூபாயைத் தூக்கிக் கொடுத்தவர் அதைத் தன் நோட்டில் எழுதாமல் இருந்திருக்க மாட்டார். எதிர் வீட்டுப் பரணிலும் ஒரு தகரப் பெட்டி இருக்கும். அதில் உங்கள் தாத்தா பெயர் இருக்கிற பக்கத்துக்கும் தலைப்பு "கடன்காரர்" என்றுதான் இருக்கும்.

மளிகைக்கடைப்_பேரன்:

இதைப் பாட்டியிடம் படித்துக் காட்டவில்லை. சித்தப்பா மட்டும் காலையிலிருந்து வாசலில் நின்று எதிர் வீட்டு மாடியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.